திரை இருண்டால் கேமரா செத்ததா?

எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் ஒரு டிஜிட்டல் கேமரா உண்டு. 2007-ஆம் ஆண்டில் வாங்கியது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய கருவிதான். ஆனாலும் அது செய்த வேலை கொஞ்சமல்ல. ஆய்வுக்கூடத்தில் நியூட்டன் வளையங்களைப் படம் பிடித்திருக்கிறது. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் வளையச் சூரிய கிரகணத்தின்போது, அட்டையில் விழுந்த சூரிய பிம்பத்தைப் படம் பிடித்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் அதன் பின்புறத் திரை இருண்டுவிட்டது. பொத்தானை அழுத்தினால் லென்ஸ் வெளியே நீண்டது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

அது ஆண்டு இறுதியில் பொருள்களைச் சரிபார்க்கும் நேரம். இருப்புப் பதிவேட்டைத் திறந்தேன். கேமராவின் பெயருக்கு எதிரே, 'திரை பழுது, பயனற்றது, கண்டம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அருகில் நின்ற ஆய்வுக்கூட உதவியாளர் மெதுவாகக் கேட்டார்: "சார், படம் விழுதா இல்லையான்னு பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. 'முதலில் உற்றுநோக்கு, பிறகு முடிவு செய்' என்று இத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவரும் நான், ஒரு சோதனையும் செய்யாமல் தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

மாணவ நண்பர்களே, பழுதான ஒரு கருவி குப்பை அல்ல. அது நம் முன் வைக்கப்பட்ட ஒரு கேள்வி. அதற்கு விடை காணும் முறையே அறிவியல் முறை. ஆனால் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதை நாம் கற்பிப்பதில்லை. கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதை அந்தக் கேமராவையே கொண்டு விளக்குகிறேன்.

திரை வேறு, கேமரா வேறு

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1975-இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அந்தக் கேமராவில் திரையே கிடையாது! பதிந்த படத்தைத் தனிக் கருவி ஒன்றின் உதவியால் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்த்தார்கள். எடுக்கும் படத்தை அப்போதே பின்புறத் திரவப் படிகத் திரையில் காட்டும் கேமரா, பொதுமக்கள் வாங்கும் வடிவில், 1995-இல்தான் வந்தது. கேசியோ நிறுவனத்தின் அந்தக் கேமராவின் திரை 1.8 அங்குல அளவே.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கேமராவுக்குத் திரை ஒரு சன்னல் மட்டுமே. சன்னல் மூடியிருப்பதால் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

கேமராவை ஒரு சங்கிலியாக எண்ணிப் பாருங்கள். லென்ஸ் ஒளியைக் குவிக்கிறது. பட உணரி அந்த ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. செயலி அதை எண்களாக ஒழுங்குபடுத்துகிறது. நினைவட்டை அந்த எண்களைச் சேமிக்கிறது. இவை நான்கும் படத்தை உண்டாக்கும் பகுதிகள். படத்தைக் காட்டுவதற்கு வேறு நான்கு பகுதிகள் உண்டு: திரையை இயக்கும் மின்சுற்று, நாடாவைப் போலத் தட்டையாக மடங்கும் இணைப்பு, திரவப் படிகப் பலகை, அதன் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு. ஆக மொத்தம் எட்டு. எல்லாவற்றுக்கும் மின்னாற்றல் தருவது ஒரு மின்கலம்.

எட்டில் எது பழுது? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் நாள் முழுதும் ஆகும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஐயத்துக்குரிய பகுதிகளைப் பாதியாகக் குறைக்குமானால், மூன்றே கேள்விகள் போதும். எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். 2 × 2 × 2 = 8 என்ற எளிய கணக்கு இங்கே எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்!

கேள்விகளுக்கு முன்

உதவியாளரும் நானும் கேமராவை மேசைமீது வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெரிய கேள்விகளுக்கு முன் சின்னஞ்சிறு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல கேமராக்களில் திரையை அணைத்து வைப்பதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. தெரியாமல் அதை அழுத்திவிட்டுக் கேமரா கெட்டுவிட்டது என்று கவலைப்படுபவர்கள் உண்டு. தொலைக்காட்சியுடன் இணைக்கும் கம்பியைச் செருகினால், பல கேமராக்களில் பின்புறத் திரை தானாகவே அணைந்துவிடும். திரையின் வெளிச்ச அளவை யாரேனும் மிகவும் குறைத்து வைத்திருக்கவும் கூடும். எங்கள் கேமராவில் இவை எவையும் காரணம் அல்ல.

அடுத்தது மின்கலம். பழைய மின்கலத்தை மல்டிமீட்டரால் அளந்தால் 4 வோல்ட் என்று அழகாகக் காட்டும். 'மின்கலம் நன்றாக இருக்கிறது' என்று ஏமாந்துவிடக் கூடாது. மின்கலத்துக்கு வயது ஏற ஏற அதன் அகமின்தடை மிகுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கேமரா 1 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அகமின்தடை 0.1 ஓம் என்றால் உள்ளேயே இழக்கப்படுவது 0.1 வோல்ட், கேமராவுக்கு 3.9 வோல்ட் கிடைக்கும். அகமின்தடை 0.8 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.8 வோல்ட், கேமராவுக்குக் கிடைப்பது 3.2 வோல்ட்தான். மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் இந்த இழப்பு அதன் கண்ணில் படுவதில்லை. ஆகவே பழைய மின்கலத்தை அளப்பதைவிட, நல்ல மின்கலம் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சிறந்த சோதனை. மாற்றிப் போட்டோம். திரை இருண்டே கிடந்தது.

மூன்று கேள்விகள்

முதற் கேள்வி, உதவியாளர் கேட்ட அதே கேள்விதான்: படம் விழுகிறதா? சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைக் குறிவைத்துப் பொத்தானை அழுத்தினேன். நினைவட்டையைக் கழற்றிக் கணிப்பொறியில் பார்த்தோம். வேப்பமரம் இலை இலையாகத் தெளிவாக இருந்தது! லென்ஸ், உணரி, செயலி, நினைவட்டை ஆகிய நான்கும் ஒரே நொடியில் குற்றமற்றவை ஆயின. நான் 'பயனற்றது' என்று எழுதிய கருவி, அந்த நிலையிலும் நல்ல படங்களை எடுக்கக்கூடியதாக இருந்தது.

படம் விழாமல் போயிருந்தால்? அப்போது வேறு வழியில் போயிருப்போம். முன்பு எடுத்த படங்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்திருப்போம். பழைய படங்கள் நன்றாகத் தெரிந்து, புதுக் காட்சி மட்டும் கறுப்பாகவோ கோடுகளாகவோ தெரிந்தால், திரைமீது குற்றமில்லை. உணரியையோ ஒளியை விடும் மூடியையோதான் ஐயுற வேண்டும். இது வெறும் கற்பனை அல்ல. 2005-ஆம் ஆண்டில் கேமரா நிறுவனங்கள் பல ஓர் அறிவிப்பு வெளியிட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தயாரான சி.சி.டி. வகைப் பட உணரிகள் சிலவற்றில் உள் இணைப்புகள் விட்டுப்போவதாகவும், வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் இது கூடுதலாக நேர்வதாகவும் தெரியவந்தது. அத்தகைய கேமராக்களை இலவசமாகச் சீர்செய்து தந்தார்கள். திரையில் காட்சி கோணலாகத் தெரிந்ததும் 'திரை போய்விட்டது' என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! கெட்ட செய்தியைக் கொண்டுவந்த தபால்காரரைக் குற்றம் சொல்வது போன்றது அது.

இரண்டாம் கேள்வி: திரையில் படம் உண்டாகிறதா? 'திரைதான் கறுப்பாக இருக்கிறதே!' என்பீர்கள். இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது.

திரவப் படிகம் தானாக ஒளி தருவதில்லை. அது ஒளியை விடும் அல்லது மறைக்கும் கதவு மட்டுமே. வழக்கமான அமைப்பில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்ட இரண்டு போலராய்டுகளுக்கிடையே திரவப் படிகம் இருக்கும். அதன் மூலக்கூறுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை 90 பாகை முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒளியின் அதிர்வுத் தளமும் அதனுடன் சேர்ந்து திரும்புவதால் ஒளி வெளியே வந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி தடைபடும். படம் உண்டாவது இவ்வாறே. ஆனால் கதவு சரியாகத் திறந்து மூடினாலும், பின்னால் விளக்கு எரியாவிட்டால் நாம் காண்பது இருட்டுத்தான். கைக்கணிப்பான் வெளிச்சத்தில் தெரிந்து இருட்டில் தெரியாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பின்விளக்கு இல்லை. வெளியிலிருந்து விழும் ஒளியே திரும்பி வருகிறது.

எனவே சோதனை எளிது. அறையை இருட்டாக்கிக் கேமராவை இயக்கினோம். கைவிளக்கை மிக அருகில் வைத்து, திரைமீது சாய்வாக ஒளி விழச் செய்தோம். கோணத்தைச் சற்று மாற்றி மாற்றிப் பார்த்தபோது, கறுப்புக்குள் மங்கலாக மின்கலக் குறியும் எண்களும் தெரிந்தன! அந்தக் கணத்தில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. திரவப் படிகப் பலகையும் அதை இயக்கும் சுற்றும் உயிரோடு இருந்தன. எஞ்சியவை இரண்டே: பின்விளக்கு, அல்லது அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் நாடா இணைப்பு.

மூன்றாம் கேள்வி இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். சிறு திரைகளின் பின்விளக்கில் பெரும்பாலும் வெள்ளை எல்.இ.டி.கள் சில தொடரிணைப்பில் இருக்கும். திருவிழாவில் கட்டும் சீரியல் பல்பு மாலையைப் போல, ஒன்று அறுந்தால் எல்லாமே அணைந்துவிடும். அப்படி அறுந்திருந்தால் கேமராவை எப்படித் திருப்பினாலும் விளக்கு பெரும்பாலும் எரியாது. மாறாக, இணைப்பு தளர்ந்திருந்தால் அசைவுக்கேற்ப விட்டுவிட்டு எரியக்கூடும். கேமராவை இரு கைகளாலும் பிடித்துத் திரையின் விளிம்புச் சட்டத்தை மெல்ல அழுத்தினேன். 'பளிச்' என்று ஒரு கணம் ஒளி வந்து மறைந்தது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் வந்தது. பழுது நாடா இணைப்பில்தான் என்பது ஏறத்தாழ உறுதியாயிற்று.

ஒன்றைக் கவனித்தீர்களா? இதுவரை நாங்கள் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

இங்கே நில்லுங்கள்

கழற்றாததற்குக் காரணம் உண்டு. கேமராவின் மின்வெட்டு விளக்குக்காக உள்ளே ஒரு மின்தேக்கி இருக்கிறது. அது ஏறத்தாழ 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் பெறும். மின்கலத்தை எடுத்த பிறகும் அந்த மின்னேற்றம் நெடுநேரம் தங்கியிருக்கும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 300 வோல்ட்டில் சேமிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள், 4.5 ஜூல் வரும். விரல் பட்டால் கடுமையான அதிர்ச்சி தரும், அபாயமானது. ஆகவே மாணவர்கள் கேமராவைத் திறக்கக் கூடாது. ஊதிப்போன, வீங்கிய மின்கலத்தையும் தொட்டுச் சோதிக்கக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதும் அறிவியல் அறிவின் ஒரு பகுதியே.

எங்கள் ஊரில் இத்தகைய கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்து, மூன்று சோதனைகளின் முடிவையும் சொன்னோம். அவர் முறைப்படி மின்தேக்கியின் மின்னேற்றத்தை நீக்கினார், உறையைத் திறந்தார், நாடா இணைப்பின் முனையில் படிந்திருந்த மாசைத் துடைத்தார், சரியாகப் பொருத்தி மூடினார். திரை ஒளிர்ந்தது. கூலி 350 ரூபாய். "புது டிஸ்ப்ளே வேணும்னு கேட்டிருந்தீங்கன்னா, இந்த மாடலுக்குக் கிடைக்காதுன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார் அவர்.

இதுவே நான் சொல்ல வந்ததன் சாரம். எங்கள் கேமராவைக் காப்பாற்றியது விலையுயர்ந்த கருவி எதுவும் அல்ல. சரியான வரிசையில் கேட்கப்பட்ட மூன்று கேள்விகள்தாம். அவற்றின் முதல் கேள்வியைக் கேட்டவர் முதுகலைப் பட்டம் பெற்ற நான் அல்லன்.

நம் செய்முறைத் தேர்வுகள்

இப்போது நம் செய்முறை வகுப்புகளை எண்ணிப் பாருங்கள். எல்லாக் கருவிகளும் சரியாக இயங்கும் நிலையில் மேசைமீது இருக்கும். கிடைக்க வேண்டிய விடை முன்பே தெரியும். தனி ஊசல் சோதனையில் 9.8 வர வேண்டும் என்பதற்காக அளவீடுகளை வளைத்து எழுதும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், மாணவனாக இருந்தபோது நானும் எழுதியிருக்கிறேன். மீட்டர் சமனச்சுற்றில் முள் நகரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? கையை உயர்த்துகிறோம். ஆசிரியர் வந்து கம்பியைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். கற்க வேண்டிய பாடம் அந்த அரை நிமிடத்தில் நம் கையைவிட்டு நழுவிவிடுகிறது.

என் யோசனை இது. ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுக்கு ஒரு செய்முறையாவது 'பழுது காண்' என்று இருக்க வேண்டும். ஒரு மின்கலம், சாவி, மின்தடை, சிறு விளக்கு கொண்ட எளிய சுற்றில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். மாணவர் அதைக் கண்டுபிடிப்பதோடு, எந்த வரிசையில் என்னென்ன கேள்விகள் கேட்டார் என்பதையும் எழுதட்டும். மதிப்பெண் அந்த வரிசைக்கே. இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. ஒன்றரை வோல்ட் மின்கலங்களே போதும்; ஆபத்தும் இல்லை.

சிலர் மறுப்பார்கள். 'பாடத்தை முடிக்கவே நேரமில்லை' என்பார்கள். விடை தெரிந்த பத்துச் சோதனைகளைவிட, விடை தெரியாத ஒன்று மாணவருக்கு மிகுதியாகக் கற்பிக்கும் என்பதே என் பதில். 'பழுதுபார்க்கும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்; பின் எதற்கு இந்தப் பாடு?' என்று வேறு சிலர் கேட்பார்கள். இதில் உண்மை உண்டு. திரவப் படிகப் பலகையே உடைந்து, மை கொட்டியது போலக் கறை படர்ந்திருந்தால், உதிரிப்பாகம் கிடைக்காத பழைய கேமராவை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் 'சரிசெய்ய இயலாது' என்பது ஆராய்ந்த பிறகு வரும் விடையாக இருக்க வேண்டும். ஆராயாமலிருக்கச் சொல்லும் சாக்காக இருக்கக் கூடாது.

விட்டுவிடும் பொருள்கள் எங்கே போகின்றன என்பதையும் எண்ண வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. இதைக் குறைப்பது நுகர்வோரின் கடமை மட்டுமன்று. செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கைப்பேசி, மடிக்கணினி போன்ற சில பொருள்களை விற்கும்போது, அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கான மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும் என்ற விதி பிரான்சு நாட்டில் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பழுது எங்கே என்று கேட்கத் தெரியாதவனுக்கு, பழுதுபார்க்கும் உரிமை இருந்தும் பயன் என்ன?

இன்று பல வீடுகளில் டிஜிட்டல் கேமராவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டுவிட்டது. அதனால் என்ன? கைப்பேசியின் திரை இருண்டாலும் கேள்விகள் அவையே. வேறொரு கைப்பேசியிலிருந்து அழைத்தால் மணி ஒலிக்கிறதா? ஒலித்தால் உள்ளே உயிர் இருக்கிறது. திரவப் படிகத் திரையானால், கைவிளக்கொளியில் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் பின்விளக்கைப் பாருங்கள்.

முடிவாக ஒன்று. திரவப் படிகம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? 1888-இல் பிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலர் கொலஸ்டிரைல் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? 'பொருள் தூய்மையற்றது' என்று அவர் அதைக் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. ஏன் என்று கேட்டார். இயற்பியலர் ஓட்டோ லேமனுக்கு எழுதிக் கேட்டார். அந்தக் கேள்வியின் வழியில் பிறந்ததே இன்று நம் கையிலுள்ள திரவப் படிகத் திரை.

என் இருப்புப் பதிவேட்டில் 'பயனற்றது' என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அடித்த வரி இன்னும் தெரிகிறது. தெரியட்டும் என்றே விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அலமாரிக்குள் ஏதேனும் ஒரு பழைய கருவி இருண்டு கிடக்கலாம். பெரியவர்களின் அனுமதியுடன் அதை வெளியே எடுங்கள். திறக்க வேண்டாம். முதற் கேள்வியை மட்டும் கேளுங்கள்.